1870 சுவரைத் தாண்ட எது உதவும்: சென்சஸா, கோர்ட் ஏடா, டி.என்.ஏவா?

அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசு ஒருவர் தன் முன்னோரைத் தேடப் புறப்பட்டால், 1950, 1940, 1930 என்று சென்சஸ் பதிவுகளைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று பின்னால் போய்விடலாம். 1870 வந்ததும் வழி அடைத்துக்கொள்ளும். விடுதலை பெற்ற ஏறத்தாழ 40 லட்சம் பேருக்குப் பெயர் எழுதி எடுத்த முதல் சென்சஸ் அதுதான். வம்சாவளி தேடுகிறவர்கள் இதை '1870 சுவர்' என்றே சொல்வார்கள்.

அந்தச் சுவருக்கு அப்பால் போக மூன்று வழிகள் பேசப்படுகின்றன. சென்சஸையே இன்னும் நோண்டுவது, கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றங்களின் பழைய ஏடுகளைப் புரட்டுவது, குழாயில் எச்சில் துப்பி டி.என்.ஏ சோதனைக்கு அனுப்புவது. விளம்பரம் முழுக்க மூன்றாவதற்குத்தான். நான் இரண்டாவதன் பக்கம். வர்ஜீனியா மாநிலத்தை வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். அங்கே நார்த்தாம்டன் கவுண்டியில் 1632 முதல் நீதிமன்ற ஏடுகள் தொடர்ச்சியாக இருக்கின்றன.

சென்சஸ்: எல்லார் வீட்டுக்கும் போனது, உள்ளே நுழையவில்லை

சென்சஸின் பெரிய பலம் அதன் வீச்சு. 1790 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். எடுத்து 72 ஆண்டு ஆனதும் பெயர்களோடு பொதுவில் வைத்துவிடுகிறார்கள். 1950 பதிவு 2022 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தது. (இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1948 சென்சஸ் சட்டப்படி வீட்டுத் தாள்களை நாம் பார்க்கவே முடியாது.) ஃபேமிலிசர்ச் தளத்தில் காசில்லாமல் தேடலாம். ஒரு சாயங்காலத்தில் நான்கு தலைமுறை கிடைத்துவிடும்.

ஓட்டைகளும் அதே அளவு பெரியவை. 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850இல் எல்லார் பெயரும் எழுதினார்கள், ஆனால் சுதந்திரமானவர்களுக்கு மட்டும். அடிமைகளுக்கு 1850, 1860 இரண்டிலும் தனி அட்டவணை. அதில் எஜமானின் பெயர் இருக்கும், கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான். '30, பெண், கறுப்பு' என்ற வரியைப் பார்த்து இதுதான் என் எள்ளுப்பாட்டி என்று சத்தியம் பண்ண முடியுமா? பலர் பண்ணுகிறார்கள். குடும்ப மரங்களில் பாதிப் பிழை அங்கேதான் முளைக்கிறது.

1870 பதிவிலும் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதவில்லை. அந்தக் கேள்வி 1880இல்தான் வந்தது. அதற்கடுத்த 1890 பதிவு 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் சேதமாகி, மிச்சத்தில் பெரும்பகுதியும் பிறகு அழிக்கப்பட்டுவிட்டது. 1881இல் பிறந்த பெண் 1900இல் கல்யாணமாகி வேறு பெயரில் வேறு வீட்டில் இருப்பாள். இடையில் அவள் எங்கிருந்தாள் என்பதற்குச் சென்சஸில் தடயமே இருக்காது.

நிறம் என்ற பத்தியையும் நம்பக் கூடாது. கணக்கெடுக்க வந்தவர் கண்ணுக்கு என்ன பட்டதோ அதுதான் பதிவு. அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெபர்சன் வீட்டு அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் 1830 சென்சஸில் வெள்ளைக்காரர் எண்ணிக்கையில் இருக்கிறார். அவர் மகன் மேடிசன் ஹெமிங்ஸை 1870இல் ஒஹையோ மாநிலத்தின் ராஸ் கவுண்டியில் கணக்கெடுத்த வில்லியம் வீவர் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். இவர் தாமஸ் ஜெபர்சனின் மகன் என்று பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டார். படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. சுவையான வரி, ஆனால் கேள்விப்பட்டதை எழுதிய வரி. சென்சஸ் எதையும் விசாரிப்பதில்லை.

கோர்ட் ஏடு: பகையில் எழுதியது, அதனாலேயே பெறுமதி

நீதிமன்றம் விசாரித்தது. எதிர்த்தரப்பு ஒன்று இருந்தது, பொய் சொன்னால் மறுக்க ஆள் இருந்தது, சொத்து கைமாறியது. இப்படி எழுதிய தாளுக்கும் வாசலில் நின்று கேட்டு எழுதிய தாளுக்கும் வித்தியாசம் உண்டு.

வர்ஜீனியாவில் 1662இல் ஒரு சட்டம் வந்தது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, தாய் சுதந்திரமானவர் என்றால் பிள்ளையும் சுதந்திரம். எஜமானர்களின் வசதிக்காக வந்த கொடுமையான சட்டம். அதன் விளைவு விசித்திரமானது. விடுதலை கேட்டு வழக்குப் போட வேண்டுமானால் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று பெண்வழியை நிரூபித்தாக வேண்டும். உலகத்தில் பெரும்பாலான ஆவணங்கள் தகப்பன் பெயரைத்தான் பிடித்துக்கொண்டு போகும். இந்த வழக்குகள் தலைகீழ். 1806இல் முடிந்த ஹட்ஜின்ஸ்-ரைட் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி ரைட் என்ற பெண், தான் 'பட்டர்வுட் நான்' (Nan) என்ற செவ்விந்தியப் பெண்ணின் வாரிசு என்றார். பட்டர்வுட் நானின் மகள் ஹன்னாவின் தலைமுடி எப்படி இருந்தது, நிறம் எப்படி என்று சாட்சிகள் சொன்னார்கள். ரைட் குடும்பம் ஜெயித்தது. எந்தச் சென்சஸ் தாளிலும் ஏறியிருக்க முடியாத பெண்கள் வழக்கு ஏட்டில் பெயரோடும் தோற்றத்தோடும் நிற்கிறார்கள்.

அடுத்தது 1691 சட்டம். வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கறுப்பின ஆணால் குழந்தை பிறந்தால் அவளுக்கு 15 பவுன் அபராதம், கட்டத் தவறினால் ஐந்து வருட ஊழியம். குழந்தைக்கு 30 வயது வரை ஊழியம், 1705இல் அதை 31 ஆக்கினார்கள். சர்ச் நிர்வாகிகள் இந்தப் பெண்களைக் கோர்ட்டுக்கு இழுத்துவந்தார்கள். தாய் பெயர், பிள்ளை பெயர், யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பதெல்லாம் உத்தரவு ஏட்டில் ஏறியது. பால் ஹைனெக் என்ற ஆய்வாளர் இந்த ஏடுகளை வருடக்கணக்கில் படித்து, வர்ஜீனியா, வட கரோலினா பகுதிகளில் காலனிக் காலத்தில் சுதந்திரமாக இருந்த கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட வெள்ளைக்கார ஊழியப் பெண்களிடமிருந்து வந்தவை என்று காட்டினார். அதற்கு முன் இந்தக் குடும்பங்களைப் பற்றி இருந்த ஊகங்கள் வேறு.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினால் தலைக்கு 50 ஏக்கர் நிலம் என்ற ஏற்பாட்டுக்காகக் காலனிக்காரர்கள் பட்டியல் கொடுப்பார்கள். 1630களின் பட்டியல் ஒன்றில் டோனி என்ற கிழக்கிந்தியர் இருக்கிறார். பிறகும் வர்ஜீனியா, மேரிலாந்து ஏடுகளில் கிழக்கிந்தியர் என்ற அடைமொழியோடு பலர் வருகிறார்கள். சென்சஸ் வந்த காலத்தில் அவர்களின் வாரிசுகள் கறுப்பர், கலப்பினத்தவர் என்ற பத்திகளில் கலந்துபோனார்கள்.

1870 சுவருக்கு நேரடியாக உதவுபவை இன்னும் எளிய தாள்கள். எஜமான் இறந்ததும் சொத்துக்கணக்கு எடுத்தார்கள், மாடு, குதிரை, கட்டில் வரிசையில் மனிதர்களின் பெயரும் விலையும். பிறகு பாகப்பிரிவினை, எந்தப் பிள்ளைக்கு எந்த அடிமை என்று. பங்காளிகளுக்குள் தகராறு வந்தால் சான்சரி கோர்ட். அந்த வழக்குக்கட்டுகளை வர்ஜீனியா மாநில நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தாயும் பிள்ளைகளும் ஒரே வரியில் சேர்ந்து வருவது அடிக்கடி உண்டு, சேர்த்து விற்றால் ஒரு விலை, பிரித்து விற்றால் ஒரு விலை என்பதால். படிக்க வயிறு எரியும், ஆனால் உறவு அங்கேதான் எழுதியிருக்கிறது.

1793 முதல் சுதந்திரக் கறுப்பர்கள் ஊர் எழுத்தரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. பெயர், வயது, நிறம், உயரம், எந்த நீதிமன்றத்தில் யாரால் விடுதலை என்று வரும். கிட்டத்தட்ட அடையாள அட்டை.

குறைகள் சாதாரணமானவை அல்ல. எஜமானின் பெயர் தெரியாமல் உள்ளே நுழையவே முடியாது. விடுதலையானவர்கள் எல்லாரும் கடைசி எஜமானின் குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள் என்ற நம்பிக்கையும் தப்பு. இதற்குப் பாலமாக இருப்பது விடுதலையானவர்களுக்காக 1865 முதல் 1874 வரை நடந்த ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் புத்தகங்கள். கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், சில கிளைகளில் பழைய எஜமான் பெயர்கூட எழுதினார்கள். அதற்குச் சொல்லடைவு தயாரித்ததில் யூட்டா மாநிலச் சிறைக் கைதிகளின் உழைப்பு பெரியது.

இன்னொரு குறை நெருப்பு. உள்நாட்டுப் போரின்போது பத்திரமாக இருக்கட்டும் என்று பல கவுண்டிகள் தங்கள் ஏடுகளை ரிச்மண்டுக்கு அனுப்பிவைத்தன. 1865 ஏப்ரலில் ரிச்மண்டே எரிந்தது. ஹனோவர், ஜேம்ஸ் சிட்டி பக்கத்துக் குடும்பங்களுக்கு நான் மேலே சொன்ன பல ஏடுகள் இன்று கிடையாது. அப்புறம் கையெழுத்து. 1700களின் எழுத்தர் கையெழுத்தைப் படிக்கப் பழக மாதங்கள் ஆகும்.

டி.என்.ஏ: கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்

டி.என்.ஏ தீயில் எரியாது, எஜமானின் பெயர் கேட்காது. விலை சுமார் 100 டாலர். ஆனால் அது பெயர் சொல்லாது. அதைவிட முக்கியம், எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் அனுப்பினால் வரும் பதில் ஆப்பிரிக்க வரைபடத்தில் நாலு வண்ணம்தான். நிறுவனம் தன் ஒப்பீட்டுத் தொகுப்பை மாற்றினால் வண்ணமும் சதவீதமும் மாறும்.

சரியான கேள்வி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹெமிங்ஸ் குடும்பமே உதாரணம். சாலியின் பிள்ளைகளுக்குத் தகப்பன் ஜெபர்சனா என்பது கேள்வி. 1998 நவம்பரில் நேச்சர் இதழில் யூஜின் ஃபாஸ்டர் குழுவின் முடிவு வந்தது. ஒய் குரோமோசோம் தகப்பன், மகன், பேரன் என்று பங்காளி வழியிலேயே போகும். ஜெபர்சனுக்கு மனைவி வழியில் பிழைத்த மகன் கிடையாது, ஆகவே அவருடைய சித்தப்பா-பெரியப்பா வழி ஆண் வாரிசுகளை எடுத்தார்கள். சாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழி வாரிசோடு பொருந்தியது. ஜெபர்சனின் சகோதரி மகன்களான கார் சகோதரர்கள்தான் தகப்பன் என்று குடும்பம் சொல்லிவந்த கதை எஸ்டன் விஷயத்தில் விழுந்தது. தாமஸ் வுட்சன் என்பவரின் வாரிசுகள் தலைமுறைகளாகச் சொல்லிவந்த ஜெபர்சன் உறவும் பொருந்தவில்லை.

இதில் டி.என்.ஏ சொன்னது, தகப்பன் ஒரு ஜெபர்சன் என்பது மட்டும். ஜெபர்சனின் தம்பி ராண்டால்ஃபுக்கும் அதே ஒய் குரோமோசோம்தான். எந்த ஜெபர்சன் என்பதை நெருங்கவைத்தவை தாள்கள். சாலியின் ஒவ்வொரு குழந்தையும் கருவான காலத்தில் ஜெபர்சன் தன் பண்ணை வீடான மான்டிசெல்லோவில் இருந்தார் என்று அவருடைய சொந்தப் பதிவுகளே காட்டின. 1826 உயிலில் மேடிசனையும் எஸ்டனையும் விடுதலை செய்திருந்தார். மேடிசனின் 1873 வாக்குமூலம் வேறு இருந்தது. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் மான்டிசெல்லோவை நடத்தும் அறக்கட்டளை 2000இல் தன் முடிவை எழுதியது.

இன்னொரு வழக்கு எனக்கு இதைவிடப் பிடித்தது. 1640இல் வர்ஜீனியா பொது நீதிமன்றம், எஜமானிடமிருந்து தப்பி மேரிலாந்துக்கு ஓடிய மூன்று ஊழியர்களை விசாரித்தது. டச்சுக்காரருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் கூடுதலாக நாலு வருடம். ஜான் பஞ்ச் (Punch) என்ற கறுப்பருக்கு ஆயுள் முழுக்க ஊழியம். 2012இல் வம்சாவளி தேடித் தரும் ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பராக் ஒபாமா இந்த ஜான் பஞ்சின் வாரிசாக இருக்கலாம் என்றார்கள். அதுவும் கென்யத் தகப்பன் வழியில் அல்ல, கன்சாஸ்காரரான வெள்ளைத் தாய் வழியில். அந்தத் தாய்வழி முன்னோரின் குடும்பப் பெயரான பன்ச் (Bunch) கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று சோதனை காட்டியது. ஒபாமா எச்சில் துப்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. நடுவில் பெண்கள் வருவதால் அந்த ஒய் குரோமோசோம் அவரிடம் இல்லை. 1640 தீர்ப்பு ஏடு இல்லையென்றால் அந்த ஆப்பிரிக்கருக்கு ஒரு பெயரைத் தேடவே வழியில்லை. அப்படியும் ஜான் பஞ்சுக்கும் முதல் ஜான் பன்ச்சுக்கும் நடுவே தகப்பன்-மகன் என்று சொல்லும் தாள் கிடையாது, அதனால்தான் 'இருக்கலாம்'.

மற்ற வகைச் சோதனையில், அதாவது எல்லாக் குரோமோசோம்களையும் ஒப்பிடுவதில், சொந்தம் தூரமாகத் தூரமாகச் சரக்கு குறைந்துபோகும். பெரியப்பா பிள்ளைகளோடு சராசரியாக 12.5 சதவீதம், அடுத்த தலைமுறையில் 3 சதவீதம், அதற்கடுத்ததில் 1 சதவீதத்துக்கும் கீழே. நாலாம் தலைமுறைச் சொந்தங்களில் பாதிப் பேரோடு ஒன்றுமே பொருந்தாது. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிவைத்த குடும்பங்களில் இது எதிர்த்திசையில் ஏமாற்றும், தூரத்துச் சொந்தம்கூடக் கிட்டத்தில் தெரியும். தமிழர்கள் சோதனை செய்தால் கவனிக்க வேண்டிய இடம் அது.

பணத்தைவிடப் பெரிய செலவு ஒன்றும் உண்டு. டி.என்.ஏ சோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது, 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. கோர்ட் ஏட்டில் இருப்பவர் இறந்து இருநூறு வருடம் ஆகிறது. எச்சில் குழாயில் இருப்பது உங்கள் பேரப்பிள்ளைகளும்தான்.

எந்த வரிசையில் போவது

சென்சஸில் தொடங்கி 1870 வரை வாருங்கள், அதற்கு நிஜமாகவே நிகர் கிடையாது. அந்தப் பக்கத்திலும் முன்பின் நாலு பக்கங்களிலும் உள்ள அக்கம்பக்கத்து நிலச்சுவான்தார்களின் பெயரைக் குறித்துக்கொண்டு ஃப்ரீட்மன்ஸ் வங்கிப் பதிவைப் பாருங்கள். அப்புறம் அந்த எஜமான் குடும்பங்களின் உயில், சொத்துக்கணக்கு, சான்சரி வழக்கு. பெரும்பாலான நேரம் இங்கேதான் போகும், போகட்டும். இரண்டு பேரில் யார் தகப்பன், இரண்டு ஊர்க் குடும்பமும் ஒன்றா என்று கேள்வி கூர்மையான பிறகு டி.என்.ஏ.

வீட்டில் தொண்ணூறு வயதுப் பெரியவர் இருந்தால் மட்டும் இந்த வரிசையை உடைக்கலாம். அவர் சம்மதித்தால் முதல் கிட் அவருக்கு. அவருடைய டி.என்.ஏவில் சராசரியாகக் கால் பங்குதான் பேரப்பிள்ளைக்கு வந்திருக்கும், மிச்சத்தைப் பிறகு எங்கேயும் வாங்க முடியாது. வங்கிப் புத்தகமும் சான்சரிக் கட்டும் அடுத்த வருடமும் இருக்கும்.