4,800 டாலர் போச்சு: 'தீத்தடுப்பு' வேலைக்கு ஆள் கூப்பிடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கலிஃபோர்னியாவுல காட்டுத்தீ பயம் இருக்கிற மலையடிவாரமா வீடு வாங்கியிருக்கிற நம்மாளுங்க கவனிங்க. வீட்டு வேலைக்கு ஆள் பிடிச்சுத் தர்ற ஒரு ஆப் வழியா வந்த கான்ட்ராக்டர் என்கிட்ட 4,800 டாலரைச் சுருட்டிட்டான். பேசினது ரெண்டு வேலை: பரண் வென்ட்டுக்கெல்லாம் (பரணுக்குக் காத்து போற துவாரம்) புது வலை, வெளிச்சுவருக்குத் தீத்தடுப்புக் கோட்டிங்.

ஏணியில ஏறி, பழைய வென்ட்டுல விரலை வச்சு, "இது கால் இஞ்ச் வலை, கங்கு நேரா உள்ள போயிடும்"னு காட்டினான். அது நிஜம். 2018-ல இதே மாநிலத்துல பாரடைஸ்ங்கிற ஊர் காட்டுத்தீயில எரிஞ்சப்பவும், ஊருக்குள்ள தீயை முதல்ல கொண்டு வந்தது காத்துல பறந்து வந்த கங்குதான். விஷயம் தெரிஞ்ச ஆளுன்னு முழுப் பணமும் முன்னாடியே கார்டுல போயிடுச்சு.

மாட்டினது என்ன தெரியுமா? வெள்ளிப் பெயின்ட் அடிச்ச பிளாஸ்டிக் கொசுவலை! லைட்டரைக் காட்டினா சுருண்டு சொட்டுது. ஏற்கனவே இருக்கிற வீட்டுக்கு மாநிலம் சொல்றது எரியாத, துருப்பிடிக்காத வலை. கண் 1/8 இஞ்சுக்கு மேல போகக் கூடாது, 1/16-க்குக் கீழயும் கூடாது. ரொம்பச் சின்னக் கண்ணுல தூசி அடைச்சுக்கும், பரண்ல ஈரம் தங்கும். கோட்டிங் முதல் மழையிலயே பால் மாதிரி வழிஞ்சு நடைபாதையில நின்னுது. நல்ல கோட்டிங்கா இருந்தாலும் கங்கு புகற ஓட்டையை அது அடைக்காது.

கேட்டா, "காயறதுக்குள்ள மழை வந்துடுச்சு." அப்புறம், "மேனேஜர் கூப்பிடுவார்." அப்புறம் போனே எடுக்கல. ஆப்காரங்க, "நாங்க இணைச்சு விடறதோட சரி"ன்னு புகாரை மூடிட்டாங்க. இன்சூரன்ஸ் தள்ளுபடிக்குன்னு கொடுத்த 'சர்டிஃபிகேட்' வெறும் லெட்டர்ஹெட் காகிதம். இதுக்கு 4,800 டாலர்!

விவரமா வழிகாட்டி எழுதத்தான் உக்காந்தேன், கோபத்துல ஓடல. இப்போதைக்கு இவ்வளவுதான்: அட்வான்ஸா 10 சதவீதம் இல்ல 1,000 டாலர், எது கம்மியோ அதுக்கு மேல கேட்டாலே சட்டப்படி தப்பு. கான்ட்ராக்டரோட லைசன்ஸ் நம்பரை, அந்த லைசன்ஸ் தர்ற மாநில போர்டு (CSLB) தளத்துல நீங்களே தேடுங்க. வலைத் துண்டை முதல்ல கொளுத்திப் பாருங்க. முடிஞ்சா ஸ்டேட் ஃபயர் மார்ஷல் (மாநிலத் தீப்பாதுகாப்பு அதிகாரி) பட்டியல்ல இருக்கிற வென்ட்டையே போடச் சொல்லுங்க. சுவரை ஒட்டி 5 அடிக்கு மரச்சக்கையை வாரிட்டு ஜல்லி கொட்டுங்க. மரவேலி சுவரைத் தொடற இடத்துல கடைசி 5 அடி இரும்பா இருக்கட்டும். கூரைத் தூம்புல காஞ்ச இலை நிக்கக் கூடாது.

கார்டுல கட்டி ஏமாந்தவங்க உடனே பேங்க்ல டிஸ்ப்யூட் போடுங்க. நானும் போட்டிருக்கேன்.