எம்சிடி டிடெக்டர், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு: 3250-இல் வரும் பொய்

டிடெக்டரைக் குளிராக வைத்திருக்கும் டிவார் குடுவையின் (வெற்றிடம் சூழ்ந்த இரட்டைச் சுவர்க் குடுவை) வெற்றிடத்தை மூன்றாம் முறையாக இறைத்து முடித்த கையோடு எழுதுகிறேன். வேலை இதுதான்: எஃப்டிஐஆர் கருவி (அகச்சிவப்பு நிறமாலைமானி), சிலிக்கான் ஏடிஆர் படிகம் (உள்ளே எதிரொளித்துச் செல்லும் ஒளி, மேல்முகத்தை ஒட்டியிருப்பதை மட்டும் உணரும்), ஈரப்பதத்தைப் படிப்படியாக ஏற்றிப் படிகத்தின் மேல் நீர் எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்பது. டிடெக்டர், திரவ நைட்ரஜன் ஊற்றும் எம்சிடி (பாதரசம், காட்மியம், டெல்லூரியம் சேர்ந்த அகச்சிவப்பு உணரி).

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 50 மி.மீ. நீளம், 2 மி.மீ. தடிமன், 45 பாகை கொண்ட படிகத்தில் ஒளி மேல்முகத்தைச் சுமார் 12 முறை தொடுகிறது. ஒவ்வொரு முறையும் வெளியே எட்டுவது 0.2 மைக்ரோமீட்டர்தான். நீரின் ஒற்றை மூலக்கூறு அடுக்கோ 0.3 நானோமீட்டர். அந்த ஓரடுக்கை ஒரே நிமிட ஸ்கேனில் இந்த டிடெக்டர் காட்டிவிடும். அறை வெப்பநிலையில் இயங்கும் டிஜிஎஸ் டிடெக்டரில் அதே தெளிவுக்கு நெடுநேரம் ஸ்கேன் ஓட வேண்டும். உணர்திறனில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை பனியில். குடுவையின் உட்சுவரிலிருந்தும் ஓ-ரிங் (ரப்பர் அடைப்பு வளையம்) வழியாகவும் கசியும் நீராவி, 77 கெல்வினில் இருக்கும் டிடெக்டர் மேல் மெல்லிய பனிப்படலமாகப் படிகிறது. அதன் உறிஞ்சல் 3250 செ.மீ.⁻¹ அலையெண் (ஒரு செ.மீ. நீளத்தில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) பக்கம் அகலமாக வரும். பாலிமரோ எண்ணெயோ பார்ப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை இல்லை. நமக்கு இதுவே உயிர்நிலை. சிலிக்கான் ஆக்சைடு மேல் ஈரப்பதம் 30 விழுக்காட்டைத் தொடும்வரை வளரும் நீர், பனி போன்ற கட்டமைப்பில் 3230 பக்கம் தெரியும் என்றும், திரவ நீரின் 3400 அதற்குமேல்தான் தலைகாட்டும் என்றும் ஆய்வாளர்கள் அசே, கிம் இருவரும் 2005-இல் காட்டினார்கள். 3230-ஐயும் 3250-ஐயும் எப்படிப் பிரிப்பது? இரண்டும் நூற்றுக்கணக்கான அலையெண் அகலப் பட்டைகள். பனி படிந்த டிடெக்டரில் அளந்தால், வெற்றுப் படிகத்தின் மேலும் "பனி போன்ற நீர்" கிடைக்கும். அது நேரத்தோடு அழகாக வளரவும் செய்யும். ஈரப்பதத்தையும் நேரத்தோடுதான் ஏற்றுகிறோம் என்பதால் கண்டுபிடிப்பு போலவே இருக்கும்.

பிரித்தறிய, படிகத்தை உலர் நைட்ரஜனில் வைத்து, டிடெக்டரில் திரவ நைட்ரஜன் நிரப்பி 45 நிமிடம் கழித்துப் பேக்கிரவுண்ட் (ஒப்பிடுவதற்கான அடிப்படை நிறமாலை) எடுங்கள். எதையும் தொடாமல் கால் மணிக்கு ஒரு முறை நான்கு மணி நேரம் சிங்கிள் பீம் (வகுக்காத மூல நிறமாலை) எடுத்து அந்தப் பேக்கிரவுண்டால் வகுத்துப் பாருங்கள். 3250 மட்டும் சீராக வளர்ந்தால் குடுவைதான் குற்றவாளி. 3600 முதல் 3900 வரையும் 1640-ஐச் சுற்றியும் ஊசி ஊசியாகக் கோடுகள் எழுந்தால், கருவிக்குள் ஈரக்காற்று புகுகிறது. அது வேறு பிரச்சினை. சந்தேகம் தீரவில்லையா, கன நீரின் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள நீர்) ஆவியைப் படிகத்தின் மேல் விடுங்கள். உண்மையான படலம் 2500 பக்கம் நகர்ந்துவிடும், டிடெக்டர் பனி இருந்த இடத்திலேயே நிற்கும். இந்தச் சோதனை எனக்கு ஒரு முறைகூடப் பொய் சொன்னதில்லை.

முன்னறிகுறி இன்னும் எளிது. ஒரு நிரப்பல் எட்டு மணி தாங்கிய குடுவை ஐந்து மணியில் வற்றினால், வெளிச்சுவர் வியர்த்தால், வெற்றிடம் போய்விட்டது. முழுக்க அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, டர்போ பம்பில் (உயர் வெற்றிட பம்ப்) ஓர் இரவு இறைக்க வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று சூடாக்கப் போகாதீர்கள். அதிகச் சூட்டில் எம்சிடி பாதரசத்தை இழக்கும், அதன்பின் டிடெக்டரே போயிற்று. வால்வை மூடிய பிறகுதான் பம்பை நிறுத்த வேண்டும்.

ஊற்றும்போதும் கவனம் வேண்டும். புனலும் குடுவைக் கழுத்தும் காய்ந்திருக்க வேண்டும். உள்ளே விழும் பனித்துகள் நைட்ரஜனைக் கொதிக்க வைக்கும், அந்தக் குமிழ் அதிர்வு நிறமாலையில் இரைச்சலாக வரும். பாதி ஊற்றி, கொதிப்பு அடங்கியதும் மீதியை ஊற்றுங்கள்.

அதிக ஒளி விழுந்தாலும் எம்சிடி நேர்விகிதத்தை விட்டு விலகும். டிடெக்டரின் வெட்டு எல்லைக்கு (அது உணரும் மிகக் குறைந்த அலையெண்) கீழே சிங்கிள் பீம் பூஜ்யத்துக்கு வராமல் தூக்கி நின்றால், ஒளிப்பாதையில் கம்பிவலை வைத்துக் குறையுங்கள்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நொடிக்கணக்கில் நடக்கும் மாற்றம் வேண்டுமென்றால் இதற்கு மாற்று இல்லை. ஓ-ரிங் வால்வு உள்ளதை விட்டுவிட்டு, உலோகத்தால் முழுக்க மூடிய குடுவையைக் கேளுங்கள். வெற்றிடம் நெடுநாள் நிற்கும். ஆனால் நாள் முழுக்க ஈரப்பதம் ஏற்றி இறக்கி 3000 முதல் 3700 வரை அளக்கும் என் வேலைக்கு, இவ்வளவு உணர்திறனும் இருந்தும், இன்று கேட்டால் டிஜிஎஸ்ஸைத்தான் வாங்குவேன். ஸ்கேன் நேரம் கூடும், கூடட்டும். அதற்குள் பனி படியாது.