கொட்டலசா, கட்டியா?
குளச்சலிலோ முட்டத்திலோ வலையில் சிக்கிய பேராமையின் (பச்சைக் கடலாமை) உடம்பில் புடைப்பு தெரிந்தால், பிய்க்கும் முன் கவனியுங்கள்.

கொட்டலசு ஆமைமேல் ஒட்டி வாழும் சிறு கடலுயிர்; அதற்குச் சுண்ணாம்பு ஓடு. கல்போல் இருக்கும், நடுவில் வாய் தெரியும். பிடுங்கினால் தோலும் கிழியும். மீட்பு மையத்தில் ஒரு நாள் நன்னீரில் வைத்தால் செத்துத் தளரும்.

கட்டி வேறு. ஹெர்ப்பிஸ் வகை வைரஸோடு தொடர்புடையது. 1938இல் அமெரிக்காவில் முதலில் விவரிக்கப்பட்டது. கண்ணோரம், கழுத்து, துடுப்பின் அடி எனத் தோல் மெல்லிய இடங்களில் காலிபிளவர்போல் சதையாக வளரும். கட்டி கண்ணை மறைத்துவிட்டால் பாவம், ஆமை இரை தேட முடியாமல் மெலியும். நன்னீர் இதற்கு உதவாது. கத்தியால் அறுத்தால் இரத்தம் கொட்டும். மருத்துவரின் கார்பன் டை ஆக்சைடு லேசரில் கசிவு குறைவு. அதற்கு முன் நுரையீரல், சிறுநீரகத்தில் கட்டி உண்டா என்று பார்த்தாக வேண்டும். அகற்றிய பிறகும் முளைக்கலாம்.

எதுவானாலும் படம் எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.