சுங்கை சிப்புட்டில் டயர் மாற்றப் போகிறீர்களா? "தோட்டச் சடக்கு டயர்" என்று காட்டினால் காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சுங்கை சிப்புட் டவுனை ஒட்டிய ஒரு டயர் கடையில் மைவி 1.5 கார் ஒன்றுக்கு நான்கு டயர் மாற்றியிருக்கிறார்கள். பேசிய விலை 880 வெள்ளி. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது பில் 1,790 வெள்ளி. கடைப் பெயரைப் போடவில்லை. இதே முறையில் வேலை பார்க்கும் கடை எந்த ஊரிலும் இருக்கும். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் தப்பித்துக்கொள்ளலாம்.

அந்தக் கார் தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறது. வார இறுதியிலும் கோயில் திருவிழாவுக்கும் லிந்தாங் பக்கத்துத் தோட்டத்துக்குள் செம்மண் சடக்கில் போகும். நம் ஊர்க் கார்களில் பாதி இப்படித்தான் ஓடுகின்றன. கடைக்காரர்களுக்கும் இது தெரியும். "தோட்டத்துக்குள்ள போவீங்களா அண்ணே?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றதும் ஓரத்தில் கட்டை கட்டையாகப் பூ (சடக்கில் படும் ரப்பரின் வெட்டு) வெட்டிய ஒரு டயரை உருட்டிக்கொண்டு வருவார்கள். "இது ஆல் டெரெய்ன். தார்ச் சடக்குக்கும் ஆகும், சேற்றுக்கும் ஆகும், முள்ளு ஏறாது."

அந்தப் பேச்சில் எதுவும் உண்மையில்லை. அசல் ஆல் டெரெய்ன் டயர்கள் பெரும்பாலும் ஹைலக்ஸ், டிரைட்டன் மாதிரியான பிக்கப்புக்கும் பெரிய எஸ்.யூ.வி.க்கும் உரிய அளவுகளில்தான் வருகின்றன. மைவி, ஆக்சியா அளவில் அந்தப் பெயரில் காட்டுவது அநேகமாகத் தோள்பட்டையில், அதாவது பூவின் வெளி ஓரத்தில், மட்டும் ஆழமாக வெட்டிய சாதாரண ரோட்டு டயர்தான். பக்கத்தில் "எம்+எஸ்" (சேறும் பனியும்) என்று அச்சடித்திருப்பதை ஆதாரமாகக் காட்டுவார்கள். எந்தச் சோதனையும் இல்லாமல் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளக்கூடிய எழுத்து அது. மலையும் பனிச்செதிலும் சேர்ந்த முத்திரைக்குச் சோதனை உண்டு, ஆனால் அது பனிக்கான சோதனை. லிந்தாங் சடக்கில் பனி பெய்யாது.

அந்த மைவியில் மாட்டியதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அளவு. மைவி 1.5க்குக் கம்பெனி போடும் டயர் 185/55 ஆர் 15. இவர்கள் மாட்டியது 195/60 ஆர் 15. "கொஞ்சம் உயரமா இருந்தா கல்லு அடிக்காது" என்று விளக்கம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 185 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம். அதில் 55 விழுக்காடு 101.75 மி.மீ. அதுதான் சைட்வாலின், அதாவது டயரின் பக்கச் சுவரின், உயரம். மேலும் கீழும் சேர்த்து 203.5. அதோடு 15 அங்குல ரிம்மின் 381 மி.மீ. கூட்டினால் முழு உயரம் 584.5 மி.மீ. இதே மாதிரி 195/60க்குப் போட்டால் 615 மி.மீ. 5 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம். 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதுதான் டயர் தொழிலில் உள்ள பொதுக் கணக்கு.

தாண்டினால் என்ன ஆகும்? ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் உள்பக்கப் பிளாஸ்டிக்கில் உரசும். பின்னால் மூன்று பேர் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கினால் மட்கார்ட் விளிம்பில் தேய்க்கும். மீட்டர் 110 காட்டும்போது சக்கரம் 5 விழுக்காடு கூடுதலாக ஓடுகிறது. பொதுவாக மீட்டர் சற்றுக் கூட்டியே காட்டும்படிதான் அமைத்திருப்பார்கள், பெரிய டயர் அந்த இடைவெளியை விழுங்கிவிடும். நெடுஞ்சாலைக் கேமராவுக்கு இந்தச் சமாதானமெல்லாம் எடுபடாது. ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகும். 10,000இல் எண்ணெய் மாற்றுகிறோம் என்று நினைப்பீர்கள், கார் 10,500 ஓடியிருக்கும்.

இரண்டாவது, வயது. இங்கேதான் பெரிய மோசடி. சைட்வாலில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் டயரின் பிறந்த தேதி. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இந்த நான்கு இலக்கமும் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். மறுபக்கம் டி.ஓ.டி. வரிசை பாதியில் நின்றுவிடும். தேதிப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிட்டால், காரைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த மைவியில் முன்பக்க இரண்டும் ஒரு தேதி. பின்பக்க இரண்டும் அதைவிட ஐந்து ஆண்டு பழையவை. நான்கிலும் கறுப்புப் பாலிஷ் பளபளவென்று பூசியிருந்தது. பூவின் அடியில் விரல் நகத்தால் சுரண்டியதும் பின் டயர்களில் மட்டும் மயிரிழை வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன.

தேதி உள்பக்கம் இருந்தாலே திருட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில டயர்களில் "அவுட்சைட்" என்று எழுதிய பக்கம் வெளியே வரவேண்டும். சிலவற்றில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். அப்போது தேதி உள்ளே போவது இயல்புதான். அதனால்தான் ரிம்மில் மாட்டுவதற்கு முன், டயர் தரையில் கிடக்கும்போதே நான்கின் தேதியையும் படமெடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். மாட்டிய பிறகு "சிஸ்டத்துல அப்படித்தான்ணே" என்று கதை ஆரம்பிக்கும்.

ஓடாமல் அலமாரியில் கிடந்தாலும் ரப்பர் கிழடாகும். காற்றும் வெயிலும் படப்பட இறுகும். இறுகிய ரப்பர் காய்ந்த சடக்கில் ஒன்றும் காட்டிக்கொடுக்காது. மாலை மழையில் ஈப்போ சடக்கில் பிரேக் அழுத்தும்போதுதான் வழுக்கும். தயாரித்து இரண்டு ஆண்டுக்குள் உள்ளதை மட்டும் புது விலைக்கு வாங்குங்கள். மாட்டி ஐந்து ஆண்டு ஆனதும் ஆண்டுதோறும் சோதிக்கவேண்டும், பூ எவ்வளவு மிச்சமிருந்தாலும் தயாரித்த தேதியிலிருந்து பத்து ஆண்டில் கழற்றிவிடவேண்டும் என்று மிஷெலின் போன்ற நிறுவனங்களே சொல்கின்றன.

செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு: தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதுப் பூ வெட்டி விற்பது. லாரி டயர் சிலவற்றில் மறுபடி வெட்ட இடம் விட்டு ரப்பர் வைத்திருப்பார்கள், சைட்வாலில் அதற்கான எழுத்தும் இருக்கும். கார் டயரில் அந்த இடம் கிடையாது. வெட்டினால் கத்தி கம்பி வலைக்கு மேலேயே வந்து நிற்கும், ஒரு கூர்க்கல் போதும். கண்டுபிடிக்கப் பூவின் பள்ளத்துக்குள் பாருங்கள். புது டயரில் பள்ளத்தின் அடி வழவழப்பாக, ஒரே ஆழமாக இருக்கும். குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் 1.6 மி.மீ. உயரத்தில் நிற்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. கத்தி போட்ட டயரில் அந்த மேடுகள் வெட்டுப்பட்டிருக்கும், அல்லது பள்ளத்தைவிட ரொம்ப உயரமாக நிற்கும். அடிப்பகுதி மங்கலாக, அலையலையாக இருக்கும். ஆழம் அளக்கும் சின்னக் கருவி சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஒன்றை வாங்கிக் காரிலேயே போட்டு வையுங்கள்.

செம்மண் சடக்குக்கு உண்மையில் என்னதான் தேவை என்று கேட்டால், அது பூவில் இல்லை, சைட்வாலின் உயரத்தில் இருக்கிறது. தோட்டச் சடக்கில் டயரைக் கொல்வது லேட்டரைட் கல்லும் பள்ளத்தின் விளிம்பும். 55 என்ற தாழ்ந்த சைட்வாலில் விளிம்பு அடித்தால் ரப்பர் ரிம்மோடு நசுங்கி, உள்ளே நூல் அறுந்து, மறுநாள் பக்கத்தில் முட்டை மாதிரிப் புடைக்கும். புடைத்த டயருக்கு ஒட்டு கிடையாது, தூக்கி எறியவேண்டியதுதான்.

மைவிக்கு இதற்கு நல்ல வழி கம்பெனியிலேயே இருக்கிறது. 2017இல் வந்த மைவியில் 1.3 ஜி ரகம் 175/65 ஆர் 14 டயரோடு வந்தது. அதன் முழு உயரம் 583 மி.மீ. 15 அங்குல டயருக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். மீட்டர் மாறாது, உரசாது. சைட்வால் மட்டும் 12 மி.மீ. கூடுதல். அடிக்கடி தோட்டத்துக்குள் போகிறவர் பழைய 14 அங்குல ரிம் நான்கு தேடி வாங்கி, இந்த அளவைப் போட்டால் போதும். முன் பிரேக் காலிப்பரில் ரிம் இடிக்கிறதா என்று ஒரு ரிம்மை மாட்டிக் கையால் சுழற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். எடைக் குறியீடு 82க்குக் குறையக்கூடாது. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். அளவுக்குப் பக்கத்தில் 82டி, 82எச், 82வி என்று இருக்கும். டி என்றால் 190 கி.மீ. வேகம், எச் 210, வி 240. நெடுஞ்சாலையில் 110தான் வரம்பு. 14 அங்குலத்தில் டி வந்தால் கவலைப்படவேண்டாம்.

பூவைப் பொறுத்தவரை, வாரத்தில் ஐந்து ஆறு நாள் தார்ச் சடக்கில் மழையில் ஓடுகிற காருக்கு நீளவாக்கில் மூன்று நான்கு அகலமான பள்ளம் உள்ள சாதாரண டயரே சிறந்தது. தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். ஈரச் செம்மண்ணில் எந்தச் சின்னக் கார் டயரும் பிடிக்காது. களிமண் பூவுக்குள் அடைத்துக்கொண்டால் கட்டைப் பூவும் மொட்டையும் ஒன்றுதான். அங்கே வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. பிக்கப் வைத்திருந்து தினமும் செம்பனைக்குள் ஓடுகிறவருக்கு ஆல் டெரெய்ன் நியாயம். அவர்களும் சத்தம் கூடும், எண்ணெய்ச் செலவு கூடும், ஈரத் தாரில் பிரேக் தூரம் கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு வாங்கட்டும்.

முள்ளைப் பற்றி: செம்பனை மட்டையின் முள் எந்தக் கார் டயரிலும் ஏறும். ஏறி ஒடிந்து உள்ளேயே நின்றுகொள்ளும், காற்று மெதுவாக இறங்கும். ரப்பர் காட்டில் பால் பிடிக்கும் மங்கு கட்டும் கம்பித் துண்டும் அப்படித்தான். தோட்டத்திலிருந்து வந்த மறுநாள் காலை, கார் ஓடுவதற்கு முன், காற்றை அளந்து பாருங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. சைட்வாலில் எழுதியிருப்பது உச்ச அளவு, அந்த அளவுக்கு அடிக்கக்கூடாது. 55 சைட்வால் டயரில் சடக்கு மென்மையாக இருக்கட்டும் என்று காற்றை இறக்கவும் கூடாது. பஞ்சரானால் டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து கயிறு செருகுவது வீடு வந்து சேர்வதற்கு மட்டும். தோள்பட்டையிலோ சைட்வாலிலோ ஓட்டை என்றால் ஒட்டவே கூடாது.

இப்போது அந்த மீதி 910 வெள்ளி. முன் அப்சார்பர் இரண்டு 520, லோவர் ஆர்ம் புஷ் 180, அலைன்மென்ட் 60, பேலன்சிங் 40, நைட்ரஜன் 40, வால்வு நான்கு 40, பழைய டயரைத் தூக்கிப் போட 30. விளம்பரப் பலகையில் அலைன்மென்டும் பேலன்சிங்கும் இலவசம் என்று போட்டிருந்தது. கார் மேலே தூக்கியிருக்கும், சக்கரம் நான்கும் கழன்று கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் "அப்சார்பர் ஒழுகுது அண்ணே, இப்படியே ஓட்டினா புது டயர் ஒரு மாசத்துல போயிடும்" என்பார்கள். காரை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. பயத்தில் தலையாட்டிவிடுவோம்.

ஒழுகுகிறது என்றால் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் ஓட்டிவிட்டு, வேறொரு போர்மனிடம் காட்டுங்கள். உண்மையில் ஒழுகினால் மறுபடியும் எண்ணெய் வழிந்து, அதில் தூசி அப்பிக் கறுத்திருக்கும். மேலே லேசாக ஈரம் கசிந்து காய்ந்திருப்பது ஒழுகல் ஆகாது. புஷ் ரப்பரில் மேலோட்டமான வெடிப்பு பழைய காரில் சகஜம், கிழிந்து இரும்பு ஆடினால் மட்டுமே மாற்றவேண்டும். மாற்றினால் பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொண்டுதான் காசு. நைட்ரஜனுக்குத் தனிக் காசு வீண். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்.

அலைன்மென்ட் செய்தோம் என்றால் செய்வதற்கு முன்பும் செய்த பின்பும் இருந்த அளவு அச்சிட்ட தாள் கொடுக்கவேண்டும். தாள் இல்லையென்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கி அனுப்பாமல், கடைசி இறுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறுக்குக் குறுக்காகப் போடச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை மீண்டும் சோதியுங்கள். இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவை பின்னால் போகவேண்டும், முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் பிடிக்கமுடியாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்கவேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்குப் பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வக்கீல் தேவையில்லை, கடைக்காரரும் வக்கீலைக் கொண்டுவர முடியாது. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும். இணையம் வழியாகவும் பதியலாம். பழைய டயரைப் புதிது என்று விற்பதைப் பற்றி உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

அங்கே கேட்பது பில். அந்த மைவியின் பில்லில் "டயர் 4" என்று மட்டும்தான் இருந்தது. பிராண்ட் இல்லை, அளவு இல்லை, தேதி இல்லை. அதனால் டயரைக் கழற்றித் தேதியைப் படமெடுக்க இன்னொரு கடைக்குக் காசு கொடுக்கவேண்டி வந்தது. பணம் நீட்டும் முன் பிராண்ட், அளவு, எடைக் குறியீடு, நான்கு டயரின் தேதி இலக்கம், காரின் எண், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் பில்லில் எழுதச் சொல்லி, கடை முத்திரை குத்தி வாங்குங்கள். எழுத மாட்டோம் என்றால் காரைத் தூக்குவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.