வாய்தா இல்லாத நீதிமன்றம்: ஏஸ் அட்டர்னியோடு கைபேசியில் பத்தாண்டுகளுக்கு மேல்

2013-இல், நீதிமன்ற வழக்குகளை வைத்து நடக்கும் வீடியோ கேம் தொடரான ஏஸ் அட்டர்னியின் முதல் மூன்று ஆட்டங்களும் ஆங்கிலத்தில் ஐபோனுக்கு வருகின்றன என்ற செய்தி கிடைத்தபோது எங்கள் கூட்டத்தில் சண்டை மூண்டது. கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நான், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், என் மைத்துனன், அவனுடைய கல்லூரி நண்பன் ஒருவன். தம்புச் செட்டித் தெருப் பக்கம் ஒரு டீக்கடையில் சனிக்கிழமை மாலைகளில் கூடுவோம். நான்கே பேர், ஆனால் கட்சி இரண்டு.

மைத்துனன் நின்டெண்டோ டிஎஸ் கட்சி. அந்தக் கையடக்க விளையாட்டுக் கருவியில் ஒலிவாங்கி உண்டு. சாட்சி பொய் சொல்லும் இடம் வந்ததும் பொத்தானை அழுத்திக்கொண்டு "அப்ஜெக்‌ஷன்!" என்று நாமே கத்தலாம், ஆட்டம் அதை ஏற்றுக்கொள்ளும். கத்த முடியாத ஆட்டம் உப்பில்லாத சோறு என்பது அவன் வாதம். பக்கத்து மேசைக்காரர் நேர் எதிர். இது படிக்கிற ஆட்டம். படிப்பதற்குக் கையில் அடங்கும் திரை போதும், தொண்டை எதற்கு என்றார். நான் அப்போது எந்தக் கட்சியிலும் இல்லை. என்னிடம் டிஎஸ்ஸும் இல்லை, ஐபோனும் இல்லை.

அடுத்த ஆண்டு டொராண்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா, தான் பயன்படுத்திய ஐபோனை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அன்று தொடங்கியது. இடையில் மூன்று கைபேசிகள் மாறிவிட்டன. தொடர் மட்டும் மாறவில்லை.

அறியாதவர்களுக்கு இரண்டு வரி. ஷு தகுமி என்பவர் காப்காம் நிறுவனத்தில் உருவாக்கிய தொடர் இது. முதல் ஆட்டம் 2001 அக்டோபரில் ஜப்பானில் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வெளியானது. அடுத்த இரண்டும் 2002, 2004. ஆங்கிலத்துக்கு 2005-இல் டிஎஸ் வழியாக வந்தபோது முதல் ஆட்டத்தோடு ஐந்தாவதாக ஒரு வழக்கையும் சேர்த்தார்கள். மூன்றிலும் சேர்த்துப் பதினான்கு வழக்குகள். நாயகன் பீனிக்ஸ் ரைட், புதிதாகத் தொழிலுக்கு வந்த வக்கீல். ஜப்பானிய மூலத்தில் அவன் பெயர் நாருஹோதோ. அந்தச் சொல்லுக்கு நம் மொழியில் "அப்படியா சங்கதி!" என்பது ஏறக்குறையப் பொருந்தும். பாதி நேரம் எதுவும் புரியாமல் விழித்து, பிறகு திடீரென்று எல்லாம் புரிந்துகொள்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

ஆட்டம் இரண்டு பகுதி. முதலில் கொலை நடந்த இடத்தைத் துழாவி, ஆட்களிடம் பேசி, சான்றுகளைச் சேர்க்க வேண்டும். பிறகு நீதிமன்றம். சாட்சி ஐந்தாறு வாக்கியங்கள் சொல்வார். ஒவ்வொன்றையும் நிறுத்திக் கிளறலாம்; பொய் எது என்று தெரிந்தால் அந்த வாக்கியத்தின் மீது சரியான சான்றை வைக்கலாம். தவறாக வைத்தால் தண்டனை: முதல் ஆட்டத்தில் ஐந்து ஆச்சரியக்குறிகளில் ஒன்று போகும், அடுத்தவற்றில் ஒரு பட்டை குறையும். அவ்வளவுதான் இயந்திரம். மற்றதெல்லாம் எழுத்து.

அதனால்தான் கைபேசி இதற்கு வாய்த்தது. குரோம்பேட்டையிலிருந்து கோட்டை நிலையம் வரை மின்சார ரயிலில் நின்றுகொண்டே போகிறவனுக்கு ஒரு கை எப்போதும் மேலே உள்ள பிடியில் இருக்கும். மீதமிருப்பது ஒரே ஒரு கட்டைவிரல். ஓடி, குதித்து, சுடுகிற ஆட்டங்கள் அந்த ஒற்றை விரலுக்குக் கட்டுப்படாது. இது கட்டுப்படும். பரங்கிமலையில் கூட்டம் ஏறும்போது சட்டைப்பையில் போட்டுவிட்டு, சைதாப்பேட்டையில் எடுத்தால் சாட்சி அதே கூண்டில் அதே பொய்யோடு காத்திருப்பார். நெரிசலில் தவறான சான்றை அழுத்திவிடுகிற ஆபத்து மட்டும் உண்டு. ஒரு கொலை வழக்கில் கட்சிக்காரரைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில், பக்கத்தில் நின்றவரின் முழங்கை பட்டு, என் வக்கீல் சின்னத்தையே சான்றாக நீட்டியிருக்கிறேன். நீதிபதி முறைத்தார்.

ஒலியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காதுபேசி சரியாகச் செருகாமல் ஒருநாள் மாம்பலத்தில் பீனிக்ஸ் தன் முழுக் குரலில் ஆட்சேபித்தான். பெட்டியே திரும்பியது. வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் என்ன தகராறு என்று கேட்டார். ஒரு வழக்கு நடக்கிறது என்றேன். சொத்து வழக்கா என்றார். கொலை வழக்கு என்றதும் அவர் எழும்பூர் வரை என்னை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன; நீண்ட காலம் ஆடினால்தான் அவை தெரியும். தடயம் தேடும் கட்டத்தில் படத்தின் ஓரத்தில் கிடக்கும் கடுகளவு பொருளைக் கட்டைவிரலால் தொட வேண்டியிருக்கும். விரலே பொருளை மறைத்துவிடும். சில வழக்குகளில் உண்மை நமக்கு எப்போதோ புரிந்துவிடும், ஆனால் ஆட்டம் எந்த வாக்கியத்தில், எந்தச் சான்றைக் கேட்கிறது என்பதுதான் புரியாது. அப்போது ஆட்டக்காரன் துப்பறிவாளன் அல்ல, ஆசிரியர் மனத்தில் உள்ள விடையை ஊகிக்கும் மாணவன். அந்த இடங்களில் வெட்கப்படாமல் சேமித்துவிட்டு ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். மைத்துனன் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

சேமிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. அக்காவின் ஐபோன் திரை விரிசல் விட்டபோது ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம். திரையை நன்றாகத்தான் மாற்றினார்கள். கூடவே உள்ளே இருந்ததையும் துடைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் ஆட்டத்தின் கடைசி வழக்கில், இரண்டாம் நாள் விசாரணையில் நின்றிருந்தேன். நகல் எடுத்து வைக்காதது என் பிழை. அன்று வந்த எரிச்சலில் ஆறு மாதம் தொடவில்லை.

இந்த இடைவெளியில்தான் வக்கீல் வந்து சேர்ந்தார். உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்கிறவர். டீக்கடையில் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, யார் வழக்கு, எந்த அமர்வு என்று உண்மையாகவே விசாரித்தார். விளையாட்டு என்று தெரிந்ததும் சிரித்தார். இந்த உலகில் விசாரணை மூன்று நாளில் முடிந்தாக வேண்டும் என்று விதி இருப்பதைச் சொன்னோம். டீ புரையேறிவிட்டது அவருக்கு. "வாய்தாவே கிடையாதா?" என்று இரண்டு முறை கேட்டார்.

ஆனால் அவர் சொன்ன மற்றொன்றுதான் எனக்கு இந்தத் தொடரைத் திறந்து காட்டியது. நம் சட்டத்தில் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பு. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். இந்த ஆட்டத்திலோ தன் கட்சிக்காரர் கொல்லவில்லை என்று காட்டினால் போதாது. கொன்றது யார் என்றும் பீனிக்ஸே கண்டுபிடித்துக் கூண்டில் ஏற்ற வேண்டும். கேலிக்கூத்து போலத் தெரியும் இதற்குப் பின்னால் ஒரு கசப்பு இருக்கிறது என்றார். ஜப்பானில் குற்றவழக்கு நீதிமன்றம் ஏறினால் தண்டனை கிடைக்கும் விகிதம் 99 விழுக்காட்டுக்கு மேல். அங்கே விடுதலை என்பதே அதிசயம். அந்த அதிசயத்தைத்தான் ஒவ்வொரு வழக்கிலும் இவர்கள் நடத்திக் காட்டுகிறார்கள். பொதுமக்களும் நீதிபதிகளோடு அமரும் முறை ஜப்பானில் 2009-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, நான்காம் ஆட்டமான அப்பல்லோ ஜஸ்டிஸின் கடைசி வழக்கில் அதைப் போன்ற ஒரு முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

சாட்சியின் எல்லா வாக்கியங்களையும் கிளறுவது பற்றி அவருக்குக் கடும் ஆட்சேபணை. குறுக்கு விசாரணையில் விடை தெரியாத கேள்வியைக் கேட்கிற ஜூனியரைத் தான் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். இப்படியெல்லாம் கிண்டல் செய்தவர் இரண்டே வாரத்தில் மூன்று ஆட்டங்களையும் முடித்துவிட்டார். கேட்டால், நீதிமன்றத்தில் காத்திருக்கும் நேரத்தை எப்படியாவது போக்க வேண்டுமே என்கிறார்.

பிந்தைய ஆட்டங்களும் ஒவ்வொன்றாகக் கைபேசிக்கு வந்தன. அப்பல்லோ ஜஸ்டிஸ் 2016-இல். டூயல் டெஸ்டினிஸ் ஐபோனுக்கு 2014-இல், ஆண்ட்ராய்டுக்கு 2017-இல். ஸ்பிரிட் ஆஃப் ஜஸ்டிஸும் 2017-இல்தான். டூயல் டெஸ்டினிஸில் பாத்திரங்கள் முப்பரிமாண உருவம் பெற்றன. பழைய உரையாடலைத் திரும்பப் பார்க்கும் வசதி வந்தது. ரயிலில் படிக்கிறவனுக்கு அது பெரிய வரம். ஆனால் கொலை நடந்த இடத்தைத் தவிர வேறெங்கும் துழாவ முடியாதபடி கட்டிவிட்டார்கள். ஏணியைப் பார்த்தால் அது ஏணியா மடக்கேணியா என்று நாயகனும் துணைப்பெண்ணும் வாதாடுவார்களே, அந்த வெட்டிப்பேச்சுக்காகவே சுவரையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தவன் நான். எனக்கு அது இழப்பு. ஸ்பிரிட் ஆஃப் ஜஸ்டிஸில் குற்றவாளியின் வக்கீலுக்கும் அதே தண்டனை என்று சட்டம் வைத்திருக்கும் ஒரு நாடு வருகிறது. வக்கீல் நண்பர் அந்த ஆட்டத்தை மட்டும் தொடவில்லை.

இருந்தும் நான் திரும்பத் திரும்பப் போவது முதல் மூன்றுக்குத்தான். அதற்குக் காரணம் அம்மா.

கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு துப்பறியும் ஆட்டத்தில் என்ன மிச்சம் இருக்கும் என்பது நியாயமான கேள்வி. நானும் துடைக்கப்பட்ட கைபேசியில் மீண்டும் தொடங்கியபோது சலிப்போடுதான் தொடங்கினேன். ஓர் இரவு மின்தடை. தொலைக்காட்சி இல்லாத எரிச்சலில் அம்மா என்னதான் படிக்கிறாய், சத்தமாகப் படி என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வரிக்கு வரி தமிழில் சொல்லத் தொடங்கினேன். நீதிபதி "தாடி ஐயா" ஆனார். சம்பளம் வெட்டப்பட்டு வெட்டப்பட்டு நூடுல்ஸில் உயிர் வாழும் துப்பறிவாளர் கம்ஷூ, "நூடுல்ஸ் இன்ஸ்பெக்டர்". கழுத்தில் வெள்ளைச் சுருக்குத் துணியோடு வரும் அரசு வழக்கறிஞர் எட்ஜ்வொர்த்துக்கு அம்மா வைத்த பெயரை இங்கே எழுத முடியாது; இப்போது அவர்தான் அம்மாவுக்கு மிகவும் வேண்டியவர். துணைப்பெண் மாயா ஜப்பானிய மூலத்தில் ராமென் நூடுல்ஸுக்கு உயிரை விடுவாள், ஆங்கிலத்தில் பர்கருக்கு. குரோம்பேட்டையில் அவள் பரோட்டா சாப்பிடுகிறாள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இருந்த உரிமை எனக்கும் உண்டுதானே.

முதல் வழக்கு பயிற்சிக்கானது, அதனால் சொல்லிவிடலாம். பிணத்தைப் பிற்பகல் ஒரு மணிக்குப் பார்த்ததாகச் சாட்சி சொல்கிறான். பிரேதப் பரிசோதனையோ நான்கு மணிக்கு மேல்தான் சாவு என்கிறது. அந்த ஒரு மணியை அவன் எங்கே கேட்டான்? வீட்டிலிருந்த கடிகாரத்தில். கடிகாரம் ஏன் தவறாக ஓடியது என்பதுதான் முடிச்சு. செத்துப்போன பெண் முந்தின நாள்தான் பாரிஸிலிருந்து திரும்பியவள் என்ற வரியை நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா குறுக்கிட்டார்: "அது அந்த ஊர் நேரத்தில் ஓடியிருக்கும்." கடிகாரம் மூன்று மணி நேரம் பின்தங்கவில்லை, ஒன்பது மணி நேரம் முன்னே ஓடியிருக்கிறது என்பதுதான் விடை. எங்கள் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் தொங்குகின்றன. ஒன்றில் எப்போதும் டொராண்டோ நேரம். நான் முதல்முறை இந்த இடத்தில் இரண்டு ஆச்சரியக்குறிகளை இழந்தவன்.

சான்றை மேசையில் அறையும் காட்சியை விவரித்தபோது, இதில் என்ன புதிது, கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியது இதுதானே என்றார். முத்தா, மாணிக்கமா என்று ஒரே அடியில் முடிந்த வழக்கு. அதன்பிறகு நான் சரியான சான்றை வைக்கும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து வருவது "உடை!" என்ற ஒற்றைச் சொல். மைத்துனன் வந்திருந்த அன்று அதைக் கேட்டான். டிஎஸ்ஸில் கத்துவதைவிட இது மேல் என்று ஒப்புக்கொண்டான். பன்னிரண்டு ஆண்டுச் சண்டையில் அவன் விட்டுக்கொடுத்த ஒரே இடம்.

இப்படிச் சொல்லிச் சொல்லி நடத்தும்போது வழக்கு மிக மெதுவாக நகர்கிறது. ஒரு சாட்சியத்துக்கு ஓர் இரவு ஆகிறது. முன்பு ரயிலில் கண்ணால் தாண்டிப்போன வாக்கியங்களையெல்லாம் இப்போது வாயால் கடக்க வேண்டியிருக்கிறது. அப்போதுதான் எந்தப் பொய் எவ்வளவு நேர்த்தியாக முடையப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. கிளியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் இடத்தில் அம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கிளி பொய் சொல்லாது என்று அவர் தீவிரமாகச் சொன்னார்.

தமிழில் வந்தால் வாங்குவாயா என்று பக்கத்து மேசைக்காரர் கேட்பார். வாங்குவேன். இருந்தாலும் அந்தத் தமிழில் மாயா என்ன சாப்பிடுவாள் என்ற கவலை எனக்கு இருக்கும்.

இப்போது இரண்டாம் ஆட்டத்தின் கடைசி வழக்கில் நிற்கிறோம். ஆடியவர்களுக்குத் தெரியும், ஆடாதவர்களுக்குக் கெடுக்க மாட்டேன். தன் கட்சிக்காரரைப் பற்றி வக்கீலே ஒரு முடிவெடுக்க வேண்டிய இடம் வருகிறது. அதற்குச் சற்று முன் அம்மா, இன்றைக்குப் போதும், மூடு என்றார். மறுநாளும் கேட்கவில்லை. மூன்று வாரமாகிறது. நேற்றுக் காய் நறுக்கிக்கொண்டே, அந்த வக்கீலுக்குத் தாய் தகப்பன் யாரும் இல்லையா, கேட்டுக்கொண்டு செய்யக் கூடாதா என்றார். சேமித்த இடம் அப்படியே இருக்கிறது. இந்த முறை நகலும் எடுத்து வைத்திருக்கிறேன்.