ஹட்டனில் நல்ல கிழங்குப் பிரட்டல்

இலங்கை மலையகத்தில் இருக்கும் ஹட்டனில், பஸ் தரிப்பிடத்துக்குக் கிட்ட உள்ள சின்னச் சாப்பாட்டுக் கடையில் உருளைக்கிழங்கை மூன்று விதமாகப் பொரித்துத் தருகிறார்கள். எனக்கு எப்போதும் பிரட்டல்தான். அவித்த கிழங்கைப் பெரிய துண்டுகளாக வெட்டி, வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த செத்தல் மிளகாய், மாசிக் கருவாடு எல்லாம் போட்டு, இரும்புச் சட்டியில் ஓரம் சிவக்கும்வரை விடுகிறார்கள். அடிக்கடி கிளறுவதில்லை; அதனால் ஒரு பக்கம் மொறுமொறுவென்று வருகிறது, உள்ளே மாவாய்க் கரைகிறது. மாசி கூடுதலாகக் கேளுங்கள், முகம் சுளிக்காமல் போடுவார்கள். சுடச்சுட ரொட்டியோடு சாப்பிட வேண்டும்.

சிப்ஸ் பரவாயில்லை. கிழங்குக்குப் பேர்போன வெலிமடையிலிருந்து வந்ததுதான் என்கிறார் கடை அண்ணன். ஆனால் கிழங்கு அதிகக் குளிரில் கிடந்தால் அதிலுள்ள மாச்சத்து சர்க்கரையாக மாறும். எண்ணெயில் போட்டதும் சீக்கிரம் கறுத்துவிடும். எனக்கு வந்த தட்டும் அப்படித்தான் இருந்தது. முதலில் மிதமான சூட்டிலும், ஆறியபின் நல்ல சூட்டிலும் இரண்டு தடவை பொரித்தால் மொறுமொறுப்பு நிற்கும். இங்கே ஒரே தடவைதான், அதனால் துவண்டுவிடுகிறது.

காரமும் இனிப்புமான சோஸில் பிரட்டும் டெவல் கிழங்கில் இனிப்பு கூடிப்போய்க் கிழங்கின் ருசியே தெரியவில்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்கலாம்.

சரி, போவதென்றால் காலையிலேயே போங்கள். பிரட்டல் சீக்கிரம் முடிந்துவிடும்.