நாற்பத்தைந்தாம் நாள் ஊசி

பச்சை உடம்புக்காரி படி தாண்டுவதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு காரணம்தான் செல்லும்: பிள்ளைக்கு நாற்பத்தைந்தாம் நாள் ஊசி. இந்தச் சின்ன விஷயம் எனக்குப் பிடிபட மூன்று வாரம் ஆயிற்று. பதினோரு ஆண்டு இங்கிலாந்தில் இருந்துவிட்டு வந்தவளுக்கு அவ்வளவு மந்தம்.

தங்கைக்குத் தலைப்பிரசவம். அம்மா வீடு தென்காசிப் பக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை செய்து பெண் குழந்தையை எடுத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது இதுதான் வழக்கம்; 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 45 பிரசவம் அறுவைதான். நான் லீட்ஸிலிருந்து போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு 24 நாள். நடையில் கால் வைத்ததுமே பூண்டும் நல்லெண்ணெயும் மணத்தன. காலையில் உளுந்தங்களி, மதியம் பால்சுறாப் புட்டு, இரவில் பிரசவ லேகியம் ஓர் உருண்டை. அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி என்று மூன்று பேர் முறைபோட்டுக் கவனித்தார்கள். உதவிக்குக் கைகள் குறைவில்லை.

தங்கைதான் குறைவாக இருந்தாள். குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்கவில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தலை வாரி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. நான் கொண்டுபோன சட்டைகளைக் காட்டியபோது, “அழகாக இருக்கிறது அக்கா” என்றாள், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வதைப் போல. மூன்றாம் நாள் இரவில், “இந்தப் பிள்ளை வேறு யாருக்காவது பிறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்” என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பெற்ற மூன்றாம் நாளிலிருந்து சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும். பெரும்பாலான தாய்மாருக்கு அது உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானே வடிந்துவிடும். இது அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது; பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு போல இருந்தது. எனக்கு இது தெரிந்திருந்ததற்குக் காரணம் படிப்பு அல்ல. என் மகன் பிறந்தபோது லீட்ஸ் வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணிப்பெண் சோபாவில் அமர்ந்து இரண்டு கேள்வி கேட்டார். கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, இனி வழியில்லை என்று தோன்றியதா? எதைச் செய்தாலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, அழுதுவிட்டேன். அதன் பிறகு சிகிச்சைக்காக ஒன்பது வாரம் வரிசையில் நின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் தங்கத்தட்டில் வருகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

28ஆம் நாள் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். நல்ல பெண்மணி. மருத்துவமனையில் பிறந்த பச்சிளம் குழந்தையை வீட்டுக்கு வந்து பார்க்க அரசு ஏற்பாட்டில் 3, 7, 14, 21, 28, 42 என்று நாள் குறித்து ஆறு முறை ஆள் வரவேண்டும் என்பது விதி. குழந்தையை எடைபோட்டார், தொப்புளைப் பார்த்தார். தங்கையிடம் காய்ச்சல் உண்டா, தையல் ஆறிவிட்டதா, மார்பில் பால் கட்டியிருக்கிறதா என்று கேட்டார். மனம் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்பீர்களா என்றேன். “அந்தக் கட்டம் என் நோட்டில் இல்லையே அக்கா” என்று சிரித்துவிட்டு, “ஆனால் கேட்கத்தான் வேண்டும். போன வருடம் மேலத்தெருவில் ஒருத்தி...” என்று தொடங்கி, அம்மா காபியோடு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

பிரசவம் பார்த்த தனியார் மருத்துவர் தொலைபேசியில் சொன்னது: “எல்லாருக்கும் வருவதுதான். பாதாம், பிஸ்தா கொடுங்கள்.”

பிறகு என் புத்திசாலித்தனம் தொடங்கியது. சென்னையில் ஓர் ஆலோசகரை இணையத்தில் பிடித்து, 45 நிமிடத்துக்கு 1,500 ரூபாய் கட்டி, வீடியோ அழைப்புக்கு நேரம் வாங்கினேன். ஒன்றை மறந்துவிட்டேன். பேறுகால அறைக் கதவை எங்கள் வீடுகளில் யாரும் சாத்துவதில்லை. பத்தாவது நிமிடத்தில் சித்தி சாம்பிராணிப் புகையோடு வந்தார். பதினைந்தாவது நிமிடத்தில் அம்மா வெந்நீர் கொண்டுவந்தார். ஆச்சி கட்டிலருகே அமர்ந்து ஆலோசகரையே பார்த்து, “இந்தப் பிள்ளை யார், கல்யாணம் ஆகிவிட்டதா?” என்று கேட்டார். தங்கை எல்லாக் கேள்விக்கும் “நன்றாக இருக்கிறேன்” என்றாள். ஆலோசகர் மேல் குற்றமில்லை. தனியறை இருக்கிறவர்களுக்காக உண்டாக்கிய சேவையைத் திண்ணை வீட்டுக்குக் கொண்டுபோனது நான்.

அன்றிரவு மொட்டை மாடிக்குப் போய் 14416-ஐ அழைத்தேன். 2022 அக்டோபர் 10 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை அது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரிலும் தெரியும். கட்டணமில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. பேசியவர் நல்ல தமிழில் பேசினார், அவசரப்படுத்தவில்லை. முதலில் அவர் கேட்டது, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்வதாக அவள் சொன்னாளா, இல்லாத குரல் கேட்கிறது என்றாளா, திடீரென்று ஆளே மாறிவிட்டாளா என்பது. அப்படி ஒன்று இருந்தால் நாளை என்று தள்ளக்கூடாது, இரவோடு இரவாகப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும் என்றார். அந்தக் காலத்தில் பிரசவ ஜன்னி என்றார்களே, ஆயிரம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிற அந்தக் கடும் மனப்பிறழ்வு வேறு, காத்திருக்கவே கூடாதது. தங்கைக்கு அப்படி எதுவும் இல்லை. சரி, மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் இருக்கிறார், அழைத்துப் போங்கள் என்றார்.

மறுநாள், பிள்ளை பெற்றவளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பரோ கேள்வித்தாளை அவளிடம் கொடுத்தேன். 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவானது, பத்தே கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றி மட்டும். தமிழிலும் இருக்கிறது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே டிக் செய்தாள். பத்தாவது கேள்வி தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அங்கே பேனா நெடுநேரம் நின்றது. பிறகு ‘ஒருபோதும் இல்லை’யில் விழுந்தது. மொத்தம் 30-க்கு 17. பொதுவாகப் பதின்மூன்றைத் தொட்டாலே மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள்.

இது ஏதோ நகரத்து நோய், வெளிநாட்டு நோய் என்பவர்களுக்கு ஒன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களிடையே ஆய்வு நடத்தி 2002-இல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். வருமானக் குறைவு, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கருவுற்றிருந்தபோது நேர்ந்த துயரம், உதவிக்கு ஆளின்மை ஆகியவை அதோடு சேர்ந்து காணப்பட்டன. தங்கைக்கு ஆறாம் மாதத்தில் மாமனார் இறந்தார். பெண் என்று தெரிந்ததும் மருத்துவமனை வாசலில் ஒருவர், “பரவாயில்லை, அடுத்தது பார்த்துக்கொள்ளலாம்” என்றாராம். யார் என்று அவள் கடைசி வரை சொல்லவில்லை. எனக்கு ஊகம் உண்டு.

அழைத்துப் போவது எப்படி? நாற்பது நாள் ஆகாமல் வெளியே போனால் காற்று அடித்துவிடும் என்றார் ஆச்சி. “மனநல மருத்துவரிடம் போனாள் என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள்?” என்றார் அம்மா. ஒரு மதியம் முழுக்க வாதாடித் தோற்றேன். கடைசியில் நாள்காட்டியைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: வருகிற புதன்கிழமை குழந்தைக்கு ஊசி. எங்கள் பக்கம் புதன் என்றால் தடுப்பூசி நாள், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுகிற அதே ஊசியைப் பெரிய அரசு மருத்துவமனையில் போட்டுக்கொள்வோம் என்றேன். அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, “ஆட்டோ வேண்டாம், கார் சொல்” என்றார்.

ஊசி முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மனநலப் பிரிவு மாடியில். சீட்டுக் கட்டணம் கிடையாது, கூட்டம் உண்டு. பெயர் கூப்பிடுகிற ஊழியர் வராந்தா முழுக்கக் கேட்கும்படி, “பிள்ளை பெற்ற மனநோய்க்காரி யார்?” என்றார். தங்கை எழுந்திருக்கவில்லை. அம்மாதான் எழுந்து, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, “பெயரைச் சொல்லிக் கூப்பிடு தம்பி” என்றார். அத்தனை ஆண்டு எனக்குத் தெரியாத குரல் அது.

மருத்துவர் பன்னிரண்டு நிமிடம்தான் பார்த்தார், ஆனால் வீண் பேச்சு ஒன்றும் இல்லை. தைராய்டுக்கும் இரத்தச்சோகைக்கும் சோதனை எழுதினார். பிரசவத்துக்குப் பின் அவை இரண்டும் இதே முகத்தோடு வருமாம். மாத்திரை தொடங்கினார், இதைச் சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம் என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார், ஏனென்றால் கேட்கப்போவது அவர்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த அறையில் உளவியலாளர் நாற்பது நிமிடம் தங்கையோடு தனியாகப் பேசினார். கதவு சாத்தியிருந்தது. பிள்ளை பெற்ற பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் சாத்திய கதவு. நாங்கள் பெஞ்சில் இருந்தபோது அம்மா, குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி, “உன்னையும் நான் மூன்று மாதம் சரியாகத் தூக்கவில்லை. உன் பாட்டிதான் வளர்த்தாள்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உளவியலாளர் எழுதிக்கொடுத்ததில் முதல் வரி, இரவு பத்திலிருந்து மூன்று வரை தங்கை வேறு அறையில் தூங்கவேண்டும் என்பது. பாலை எடுத்து வைத்துக் கொடுப்பதா என்று சித்தி இரண்டு நாள் முணுமுணுத்தார். பிறகு அந்த வேலையை யாருக்கும் விடாமல் அவரே எடுத்துக்கொண்டார்.

தங்கையின் கணவரைப் பற்றியும் சொல்லவேண்டும், யாரும் சொல்லாததால். கோயம்புத்தூரில் தனியார் வேலை. பெண்களுக்கு 2017 முதல் 26 வாரம் பேறுகால விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் தந்தையானால் 15 நாள் உண்டு. தனியாரில் இருக்கும் தந்தைக்குச் சட்டப்படி ஒன்றுமில்லை. அவர் சனிக்கிழமை இரவு பஸ்ஸேறி வந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திண்ணையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். உள்ளே போனால் பெண்கள் எழுந்து ஒதுங்குவார்கள், கூச்சப்பட்டு வெளியே வந்துவிடுவார். எட்டு கிலோ இளைத்திருந்தார். அவரையும் அடுத்த முறை அழைத்துவரச் சொன்னார் உளவியலாளர். நான் கிளம்பும்வரை அது நடக்கவில்லை.

சட்டம் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சைக்குச் சேர்க்கப்படும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கக்கூடாது. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவ நிறுவனத்தில் தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கிற பிரிவு 2009-இலேயே தொடங்கிவிட்டது. மருந்து சாப்பிட்டால் பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. தங்கை அதைத்தான் முதலில் கேட்டாள்.

நான் லீட்ஸ் திரும்பிய பின்னும் அவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறார்கள். நாள் புதன்தான், கையில் தடுப்பூசி அட்டைதான், மருந்துச் சீட்டு அதற்குள் மடித்திருக்கும். தங்கை இப்போது தலை வாரிக்கொள்கிறாள். சில நாள் மறுபடி சரிகிறாள். போன வாரம் தொலைபேசியில் அம்மாவுக்கு ஒரே கவலை. ஆச்சி வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்டாராம்: “ஏன்டி, உன் பேத்திக்கு மட்டும் எத்தனை ஊசிதான் போடுகிறார்கள்?”